களிம்பு தடவும் முன்

யுனானி படித்துவிட்டு முதலமடைப் பக்கம் தொழில் பழக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் நடக்கும் அரசு யுனானிக் கல்லூரியிலிருந்து சிலர் வருகிறீர்கள். கோழிக்கோடு மாவட்டம் கைதப்பொயிலில் உள்ள மர்கஸ் கல்லூரியிலிருந்து சிலர் வருகிறீர்கள். ஐந்தரை ஆண்டுப் படிப்பில் இப்னு சீனாவின் ‘அல் கானூன்’ என்ன சொல்கிறது என்று படித்திருப்பீர்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை.

இது எல்லை ஊர். கேரளத்துக்குள் இருந்தாலும் புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடைப் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் தமிழ்தான் வீட்டு மொழி. கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். மேலே பரம்பிக்குளம், நெல்லியாம்பதி மலைகள். கீழே சுள்ளியாறு, மீன்கரை அணைகள். நடுவே எங்கு பார்த்தாலும் மாந்தோப்பு. இங்கே நம்மிடம் வருகிறவர்களில் தோல் நோய்க்கும் ஆறாத புண்ணுக்கும் வருகிறவர்களே அதிகம். அவர்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே என் பேச்சு. தோல் நோயில் மருந்து கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன்னால் கேட்பது, பார்ப்பது, தொடுவது, கழுவுவது என நான்கு வேலைகள் உண்டு. அவற்றைச் சரியாகச் செய்தால் பாதி நோயாளிகளுக்குக் களிம்பே வேண்டியிருக்காது.

1. “என்ன வேலைக்குப் போறீங்க?” என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

காற்று, உணவும் நீரும், உடலின் அசைவும் ஓய்வும், மனத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிய வேண்டியது கழிவதும் தங்க வேண்டியது தங்குவதும் என்று ஆறு காரணங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த ஆறையும் அந்த ஆளுடைய அன்றாடத்துக்குள் தேடுங்கள். சித்தூர் வட்டத்தில் கள் இறக்குபவருக்கு நெஞ்சிலும் முழங்காலிலும் தோல் தடித்திருக்கும். அதற்கு வைத்தியம் தேவையில்லை. நாற்று நடுகிற பெண்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். கட்டட வேலைக்குப் போகிறவர் கையில் சிமெண்டால் வரும் வெடிப்பும் கரப்பானும். மூவருக்கும் ஒரே களிம்பைக் கொடுத்தால் மூவருக்கும் வேலை செய்யாது. வேலை மாறாமல், அல்லது வேலை செய்யும் முறையாவது மாறாமல், கைக்கரப்பான் ஆறி நான் பார்த்ததில்லை.

2. மாங்காய்ப் பால் சுட்ட புண்ணை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதை எந்தக் கல்லூரியிலும் விரிவாகச் சொல்லித் தருவதில்லை. இந்த ஊரிலோ தை பிறந்தால் தினம் பார்க்கலாம். நாட்டின் மற்ற பகுதிகளில் மா பழுக்குமுன் முதலமடையில் பறிப்பு தொடங்கிவிடும். அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், கிளிமூக்கு, நீலம், காலாபாடி என்று வைகாசி வரை ஓயாது. காம்பை ஒடித்ததும் பீய்ச்சுகிற பாலை மலையாளத்தார் சுன என்பார்கள். அது முகத்திலும் கழுத்திலும் முன்கையிலும் தெறிக்கும். சிலருக்கு அப்போதே எரிந்து கறுக்கும். சிலருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் அரிப்பெடுத்து, சிவந்து, கோடுகோடாகக் கொப்புளம் கிளம்பும். முந்தையது பாலின் காரத்தால் நேரே தோல் வெந்தது. பிந்தையது ஒவ்வாமை. இரண்டையும் பிரித்தறியாமல் மருந்து கொடுக்காதீர்கள்.

பால் பட்ட சில நிமிடங்களுக்குள் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவியவருக்குப் பெரும்பாலும் நம்மிடம் வர வேண்டிய தேவை இருக்காது. ஆகவே உங்கள் முதல் மருந்து ஒரு குடம் தண்ணீரும் சோப்பும். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்கச் சொல்லாதீர்கள். நீர் கசியும் நிலையில் கெட்டியான மர்ஹம், அதாவது களிம்பு, எதையும் அப்பாதீர்கள். அடியில் நீர் தேங்கிப் புண் பெரிதாகும். கொதித்து ஆறிய நீரிலோ நல்ல பன்னீரிலோ நனைத்த மெல்லிய துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள். சூட்டைத் தணிக்கிற முபர்ரித் மருந்துகளின் வேலை இங்கேதான். கசிவு நின்று தோல் வறண்டு உரியத் தொடங்கிய பின், மெழுகும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த கைரூத்தி போதும். கற்பூரம் சேர்ந்த களிம்பை உரிந்த தோலில் வைத்தால் எரிச்சல் தாங்காது. கைக்குழந்தைகளுக்குக் கற்பூரக் களிம்பே கூடாது. தோல் வழியாக உள்ளே போய் வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

இன்னொரு செய்தியையும் சேர்த்து நினைவில் வையுங்கள். மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். நாம் பலாதுர் என்று சொல்லும் சேங்கொட்டை, தூய்மை செய்து லேகியங்களில் சேர்க்கிற மருந்து. மாங்காய்ப் பாலுக்குக் கொப்புளிக்கும் உடம்பு அதற்கும் கொப்புளிக்கலாம். மருந்துச் சீட்டில் பலாதுர் எழுதும் முன் “மாங்காய்ப் பால் ஒத்துக்குமா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். நூலில் தேடினால் கிடைக்காத, ஆனால் இந்த மண்ணில் கேட்டே தீர வேண்டிய கேள்வி அது.

பறிக்கும்போது காயோடு ஒரு விரற்கடை காம்பு விட்டுப் பறித்தால் பால் பீய்ச்சுவது வெகுவாகக் குறையும். காய்த் தோலும் பால் வடிந்து கறுக்காது. தொழிலாளிக்கும் தோப்புக்காரருக்கும் நன்மை தருகிற முறை இது. இரு தரப்பாரிடமும் சொல்லுங்கள்.

3. தோப்பில் மருந்தடிப்பவரையும் காய் பழுக்க வைப்பவரையும் தனியாகப் பாருங்கள்.

பூச்சிமருந்து தெளித்துவிட்டு அதே சட்டையோடு வருகிறவரின் உடம்பில் தடிப்பு இருந்தால், முதலில் உடுப்பைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். அதோடு அவர் எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்து, வியர்த்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, தசை துடித்து வந்தால் அது தோல் நோய் அல்ல. நஞ்சு. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்புங்கள். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் நாடு முழுதும் தடுத்தது. அதனால் மற்ற மருந்துகள் தீங்கற்றவை ஆகிவிடவில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். இருந்தும் அந்தப் பொடி கையில் பட்டு வெந்து வருகிறவர் உண்டு. ஈரம் பட்டால் சூடேறும் பொருள் அது. ஒட்டியிருக்கும் பொடியை உலர்ந்த துணியால் முழுதும் தட்டிவிட்ட பிறகே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

4. வெளுத்த திட்டு எதைக் கண்டாலும் முதலில் தொட்டுப் பாருங்கள்.

பஞ்சைத் திரித்து அதன் நுனியால் திட்டின் மேல் தொடுங்கள். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடத்தைக் காட்டட்டும். உணர்ச்சி குறைந்திருந்தால், பக்கத்து நரம்பு தடித்திருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். நம் மருந்து எதையும் தொடங்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து அங்கே காசில்லாமல் கிடைக்கிறது. முழுதும் குணமாகும். நாம் தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் அவருடைய விரலுக்கும் கண்ணுக்கும் கேடு.

பாலைப் போல வெளுத்து, உணர்ச்சி சரியாக இருந்தால் அது பரஸ். வெண்புள்ளி என்று சொல்லுங்கள். குட்டம் என்ற சொல்லை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லால் கல்யாணம் நின்றுபோன பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

5. வெண்புள்ளிக்கு வெயிலே பாதி மருந்து. அதனால் வெயிலையும் அளந்து கொடுங்கள்.

நம் மருத்துவம் தலைநிமிர்ந்து பேசக்கூடிய இடங்களில் இது ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் பைத்தார், ஆத்ரிலால் விதையைத் தின்னக் கொடுத்து நோயாளியை வெயிலில் உட்கார வைக்கும் வழக்கத்தை எழுதி வைத்தார். வட ஆப்பிரிக்கப் பெர்பர் மக்களிடமிருந்து வந்த வழக்கம் அது. 1940களில் எகிப்து விஞ்ஞானிகள் அதே விதையிலிருந்து மெத்தாக்ஸலென் என்ற பொருளைப் பிரித்தார்கள். கெய்ரோவில் எல் மோஃப்தி என்ற தோல் மருத்துவர் அதை வெண்புள்ளிக்குக் கொடுத்து 1948இல் வெளியிட்டார். 1970களில் அது புற ஊதாக் கதிரோடு சேர்ந்து காளாஞ்சகப்படைக்கும் உலகம் முழுதும் சிகிச்சையானது. நம் கார்போகரிசியில், அதாவது பாப்சியில், இருப்பதும் இதே வகைப் பொருள். ஹைதராபாத் எர்ரகட்டாவில் வெண்புள்ளிக்கென்றே பேர்பெற்ற மத்திய யுனானி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2019இல் அது தோல் நோய்களுக்கான தேசிய நிலையமாக உயர்ந்தது. முடிந்தவர்கள் ஒருமுறை போய், அங்கே நோயாளிகளை எப்படிப் பதிந்து பார்க்கிறார்கள் என்று கண்டுவாருங்கள்.

இந்தப் பெருமையெல்லாம் தெரிந்தவருக்கு எச்சரிக்கையும் தெரிய வேண்டும். பாப்சி எண்ணெய் தடவிவிட்டுப் பங்குனி வெயிலில் கால்மணி நேரம் நின்றால் தோல் தீப்பட்டது போல் கொப்புளிக்கும். பாலக்காட்டுக் கணவாயின் கோடை வெயில் சாதாரணமானதல்ல. எண்ணெயைத் தனியாகத் தராமல் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ கலந்து கொடுங்கள். முதலில் ஒரு சிறு திட்டில் மட்டும். காலை இளவெயிலில் ஓரிரு நிமிடம். சிவப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பாப்சியை உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. ஆகவே தொடங்கும் முன்னும் இடையிலும் கல்லீரல் சோதனை எடுக்காமல் பாப்சி சேர்ந்த சஃபூஃப் பொடி எழுதாதீர்கள். கருவுற்ற பெண்ணுக்குக் கொடுக்கவே கூடாது. மஞ்சள் காமாலை வந்தவருக்கும் வேண்டாம்.

முகத்தில் உள்ள திட்டு சீக்கிரம் நிறம் பிடிக்கும். விரல் நுனி, உதடு, முடியே வெளுத்துப்போன இடம், இவை பிடிப்பது அரிது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் சொல்லுங்கள். உறுதியாகக் குணமாகும் என்று பலகை எழுதி வைப்பது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். வெண்புள்ளி அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது.

6. புண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து மருந்து வையுங்கள்.

பெர்கமோனில் கிளாடியேட்டர் வீரர்களின் காயங்களுக்கு வைத்தியம் பார்த்துக் கற்றவர் ஜாலினூஸ் என்கிற கேலன். கார்டோபாவின் ஸஹ்ராவி ‘அத் தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதி முழுவதையும் அறுவை மருத்துவத்துக்கே கொடுத்தார். இவர்கள் வழியில் வந்த நமக்குப் புண் என்பது ஒரே பொருளல்ல. சீழும் அழுகலும் உள்ள புண்ணுக்கு ஜாலி, அதாவது துடைத்துச் சுத்தம் செய்யும் மருந்து. வேப்பிலைக் கஷாயத்தால் கழுவுவதும் தேனும் இதில் சேரும். அடித்தளம் சுத்தமாகிப் பள்ளமாக இருந்தால் முன்பித்தே லஹ்ம், சதை வளர்ப்பது. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் தம்முல் அக்வைனும் இந்த வேலைக்கு. பள்ளம் நிரம்பி மேல்தோல் மூட வேண்டிய நேரத்தில் முதம்மில். காசுக்கட்டி போன்ற துவர்ப்பு மருந்துகள் அப்போதுதான். அழுகல் இருக்கும்போதே மூடும் மருந்தைப் போட்டால் மேலே பொருக்கு கட்டி உள்ளே சீழ் பரவும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி காணும் அவசரம் இதுதான். மேலே மூடிக்கொண்டதைப் பார்த்து நோயாளியும் மகிழ்வார், வைத்தியரும் மகிழ்வார். நாலாம் நாள் காய்ச்சலோடு வருவார்.

புண்ணை உலர்த்து என்று நூல் சொல்வதை வறட்டு என்று புரிந்துகொள்ளாதீர்கள். மிகுந்த கசிவை எடு என்பதே அதன் கருத்து. இளஞ்சிவப்பாய் ஈரம் பளபளக்கும் அடித்தளம் நல்ல சகுனம். அதன் மேல் பொடியைக் கொட்டி வறட்டாதீர்கள், தேய்த்து ரத்தம் வரவழைக்காதீர்கள். அங்கே மெல்லிய களிம்புத் துணி போதும்.

மலைத்தேன் பற்றிக் கேட்பீர்கள். பரம்பிக்குளத்துக் காடர் எடுக்கும் தேன் அருமையான உணவு. ஆனால் பாட்டில் பாட்டிலாய்க் கைமாறி வந்த தேனை ஆழமான புண்ணில் ஊற்றாதீர்கள். சுத்தம் உறுதியான தேன் கிடைத்தால் மேலோட்டமான புண்ணுக்கு வையுங்கள்.

எந்தக் காயத்துக்கும், அது முள் குத்தியதோ மண்வெட்டி பட்டதோ, தனுர்வாத ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். அந்த ஊசியின் வேலையைச் செய்யும் மர்ஹம் நம்மிடம் கிடையாது.

7. மர்ஹம் காய்ச்சக் கற்றுக்கொள்ளுங்கள்.

சென்னை இம்ப்காப்ஸ் 1944 முதல் யுனானி மருந்தும் செய்து தருகிறது. டாம்ப்காலும் செய்கிறது. வாங்கிக்கொள்ளலாம். இருந்தாலும் கையால் ஒருமுறை செய்யாதவருக்கு மருந்தின் குணம் பிடிபடாது. தேன்மெழுகு ஒரு பங்கு, நல்லெண்ணெய் நான்கு பங்கு என்பது நல்ல தொடக்கம். சித்திரை வெயிலில் இளகி ஓடும், அப்போது மெழுகைச் சற்றுக் கூட்டுங்கள். மார்கழியில் இறுகும், குறையுங்கள். எண்ணெயைப் புகைய விடாதீர்கள். மெழுகு கரைந்ததும் துணியில் வடிகட்டி, இறக்கி வைத்து, மருந்துப் பொடியைக் கிண்டிக்கொண்டே தூவுங்கள். பொடி சீலையில் சலித்த மென்மையில் இருக்க வேண்டும். விரல்களுக்கிடையே தேய்த்தால் நெருநெருவென்று ஒன்றும் தட்டுப்படக் கூடாது, தட்டுப்பட்டால் அது புண்ணைக் கீறும். கற்பூரம் சேர்ப்பதானால் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு. சூட்டில் போட்டால் பாதி காற்றோடு போய்விடும். சபேதாவுக்குப் பதில் துத்தநாக வெள்ளையும் கற்பூரமும் சேர்த்த மர்ஹம் காஃபூர், குங்கிலியம் சேரும் மர்ஹம் ரால், இந்த இரண்டையும் மேற்பார்வையில் காய்ச்சிப் பழகினால் மற்றவை தானே வரும். விற்பதற்குச் செய்வதானால் உரிமம் வேண்டும். உங்கள் நோயாளிக்காகச் செய்தாலும் தேதியும் சேர்ந்த பொருளும் எழுதி ஒட்டுங்கள்.

8. ஈயத்தையும் பாதரசத்தையும் பாஷாணத்தையும் விட்டுவிடுங்கள்.

பழைய களிம்புகளில் சபேதா என்றால் ஈய வெள்ளை. மிருதாரசிங்கியும் ஈயமே. சாதிலிங்கம், ரசகற்பூரம், தார்சிக்னா மூன்றும் பாதரசம். சம்முல்ஃபார் பாஷாணம். மருந்து விதிகளின் இ-1 அட்டவணை நச்சுச் சரக்குகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அதை மேசைக் கண்ணாடிக்கடியில் வையுங்கள். சபேதா வேண்டிய இடத்தில் துத்தநாக வெள்ளை போதும், இன்று பலரும் அதையே சேர்க்கிறார்கள். முன்னோர் எழுதினார்களே என்று கேட்பீர்கள். முன்னோருக்கு ஈயம் குழந்தையின் மூளைக்கு என்ன செய்யும் என்று அளந்து பார்க்கக் கருவி இல்லை. நமக்கு இருக்கிறது. திறந்த புண் வழியாக உலோகம் உள்ளே போகும் என்று தெரிந்த பின்னும் போடுவது மரபுக்கு மரியாதை ஆகாது.

9. நாட்டு மருந்துக்கடையில் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், சரக்கைப் பார்த்து வாங்குங்கள்.

பொள்ளாச்சியில் கேட்கும் பெயரும் பாலக்காட்டில் கேட்கும் பெயரும் ஒன்றாக இருந்து சரக்கு வேறாக இருக்கும். ஷாஹ்தரா கேட்டால் பற்படகம் என்று எடுத்துக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுப் பற்படகம் ஒரு செடி, கேரளத்துப் பர்படகம் இன்னொரு செடி, நூல் சொல்லும் ஷாஹ்தரா மூன்றாவது. சிராயத்தா என்றால் நிலவேம்பு வரும். உறைக்குள் இருப்பதை முகர்ந்து, ஒடித்து, வாயில் வைத்துப் பார்க்கப் பழகுங்கள். நச்சுச் சரக்கை மட்டும் வாயில் வைக்காதீர்கள்.

10. சர்க்கரை பார்க்காமல் கால் புண்ணுக்குக் கட்டுப் போடாதீர்கள்.

பாலக்காட்டிலும் கோவையிலும் சர்க்கரை நோய் இல்லாத தெரு இல்லை. காலில் வலிக்காத புண் என்றால் அதுவே பெரிய அபாய மணி. விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள், இரு பாதத்தின் நாடியையும் தொட்டுப் பாருங்கள், குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். சுடுநீரில் கால் வைக்கச் சொல்லாதீர்கள். உணர்ச்சி இல்லாத கால் வெந்துபோவது அவருக்கே தெரியாது. இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. கறுத்த விரல், நாற்றம், எலும்பு தெரிகிற ஆழம், பாதத்திலிருந்து மேலே ஏறும் சிவப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

11. சொறிசிரங்குக்கு வீடு முழுதும் நோயாளிதான்.

இரவில் கூடும் அரிப்பு, விரலிடுக்கில் பொரி, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அதே தொல்லை. பார்த்ததும் தெரியும். கந்தகக் களிம்பு நம் பழைய மருந்து. பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கந்தகம் சேர்ந்தால் இன்றைய தோல் மருத்துவமும் அதை ஒப்புக்கொள்கிறது. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுதும், எல்லாரும் ஒரே நாள் இரவில் தொடங்கிப் பூச வேண்டும். துணி, போர்வை, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில் காய வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள் என்றால் பத்துப் பேருக்கும் கொடுங்கள். காசு கேட்டால் இரண்டு பேர்தான் வாங்குவார்கள், நோய் போகாது. முடிந்தவரை அவர்களிடம் காசு வாங்காதீர்கள்.

12. படர்தாமரைக்கு எந்தக் களிம்பு போட்டார் என்று கேளுங்கள்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டுக் களிம்பு தடவித் தடவி, வட்டம் கலைந்து, தொடை முழுதும் பரவி, தோல் மெலிந்து வருகிறவர்களே இன்று மிகுதி. அந்தக் களிம்பை நிறுத்தியதும் முதல் வாரம் அரிப்பு மூர்க்கமாகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் உங்கள் மருந்தால் வந்தது என்று ஓடிவிடுவார். பேர் இல்லாத டப்பாவில் மூலிகைக் களிம்பு என்று வருவதிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். மூன்றே நாளில் எல்லாத் தோல் நோயும் மறையும் என்று ஒரு முகவர் களிம்பு கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

13. அட்டைக்கும் ஹிஜாமாவுக்கும் ஆசைப்படாதீர்கள், கற்றுக்கொள்ளுங்கள்.

ஆசைப்படுவதும் கற்பதும் ஒன்றல்ல. ஹிஜாமா என்பது கிண்ணம் வைத்து ரத்தம் எடுப்பது. இப்போது அந்தப் பெயரைப் பலகையில் போட்டால் கூட்டம் வருகிறது. அதற்காகவே செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நெல்லியாம்பதி மழையில் காலில் ஏறும் காட்டட்டை வைத்தியத்துக்கு ஆகாது. மருந்தட்டை நன்னீரில் வாழ்வது. நாள்பட்ட கரப்பானிலும், நரம்பு சுருண்டு கறுத்த கால் புண்ணிலும் அது உதவக் கண்டிருக்கிறேன். ஒருவருக்கு வைத்த அட்டையை இன்னொருவருக்கு வைக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ரத்த சோகையுள்ளவர், கருவுற்றவர், இவர்களுக்கு இரண்டும் வேண்டாம். அட்டை கழன்ற பிறகும் பல மணி நேரம் கசியும். நோயாளியை மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

14. ரத்தம் சுத்தமாகவில்லை என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள்.

ரத்தத்தைச் சுத்தி செய்யும் முஸஃப்பி கூன் பாட்டில் எழுதுவது எளிது. தோலில் தெரிவதெல்லாம் ரத்தக் கேடு அல்ல. சவ்தா என்னும் கரும்பித்தம் மிகுந்த நாள்பட்ட காளாஞ்சகப்படையில் முன்ஜிஜ் 15 நாள் முதல் 40 நாள் வரை கொடுத்துப் பக்குவப்படுத்தி, பிறகே முஸ்ஹில் கொடுக்க வேண்டும் என்பது முறை. பொறுமையில்லாமல் முதல் வாரமே பேதிக்குக் கொடுக்கிறவர்களால் வயசானவர்கள் நீரிழந்து ஆசுபத்திரிக்குப் போகிறார்கள். இதயம், சிறுநீரகம் சரியில்லாதவருக்குப் பேதி மருந்து எழுதாதீர்கள். உணவைச் சீராக்கி, மலச்சிக்கல் நீக்கி, உறக்கம் கொடுத்தாலே சில உடம்பு தேறும். சாத்துக்குடியும் முட்டையும் மீனும் எல்லாருக்கும் ஆகாது என்று பத்தியம் போட்டுக் கூலிக்காரரைப் பட்டினி போடாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும்.

15. பாம்புக்கடி, பெரிய தீக்காயம், முகத்தில் பட்ட தீ, வாயும் கண்ணும் சேர்ந்து கொப்புளிக்கும் தடிப்பு, நாளுக்கு நாள் வடிவம் மாறும் கறுப்பு மச்சம், ஆறு வாரமாக ஆறாத புண். இவை நமக்குரியவை அல்ல.

16. எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். வேலை, வீடு, எத்தனை நாளாக, முன்பு என்ன தடவினார், நீங்கள் என்ன கொடுத்தீர்கள், எப்போது மறுபடி வந்தார், என்ன ஆயிற்று. அவர் ஒப்புக்கொண்டால் புண்ணின் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஆறாததையும் எழுதுங்கள். மருந்தால் தீங்கு நேர்ந்தால் ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதியும் மையத்துக்குத் தெரிவியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உருது நன்றாகப் படியுங்கள், இல்லாவிட்டால் நம் நூல்கள் பலவும் திறக்காது. ஆனால் நோயாளியிடம் அவர் மொழியில் பேசுங்கள், தாளையும் அவர் படிக்கும் மொழியில் எழுதிக் கொடுங்கள். மாங்காய்ப் பால் சுட்ட புண்ணுக்கு யுனானி முறையில் என்ன செய்தால் எத்தனை நாளில் ஆறுகிறது என்று தமிழில் ஒழுங்காக எழுதிய ஒரு பதிவும் என் கையில் கிடைத்ததில்லை. இந்தத் தோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற நீங்கள் அதை எழுதுங்கள்.